கோஹருவின் இருபத்தாறாம் பாகம்

நவம்பர் 4, செவ்வாய்

மூன்றாம் நாளாக மூடுபனி. யன்னலால் பார்த்தால் எதிர்வீட்டு விளக்கு தெரிகிறது, வீடு தெரியவில்லை.

செய்ய வேண்டியவை:
– தபால் கந்தோர்
– டொச் வீட்டுப்பாடம், பக்கம் 48
– அம்மாவுக்கு ஃபோன் எடுக்க வேண்டும்
– வியாழன் நிலவறைப் பொது மெஷினில் எங்கள் உடுப்புத் தோய்க்கும் முறை. மறக்கக்கூடாது.

ஒன்றும் செய்யவில்லை. சோறு, பருப்பு, முட்டைக்கோவா வறை. அவ்வளவுதான்.

3.40க்கு கோஹரு. இருபத்துநாலாம் பாகம்.

டொச் வகுப்பு ஆசிரியைதான் இதற்குக் காரணம். இங்கே சுவிஸில் ஜெர்மனை டொச் என்றுதான் சொல்கிறார்கள். சிறுபிள்ளைகளின் நிகழ்ச்சி பாருங்கள், அதில் தெளிவாகக் கதைப்பார்கள் என்றார். வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்து ரீ.வி.யைப் போட்டேன். இப்போது ஒரு மாதத்துக்கு மேல். ஜப்பான் கார்ட்டூன், டொச் குரல். கோஹருவுக்குப் பதின்மூன்று வயது. சட்டையில் குத்துகிற ஒரு வெள்ளிப் பூ வைத்திருக்கிறாள். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வசனம் சொன்னால் பாட்டு வரும், உடுப்பு மாறும், தலைமயிர் இடுப்புவரை நீளும். ஊரை விழுங்க வருகிற நிழல்களோடு சண்டை பிடிப்பாள். அவள் தோளில் போனி என்று ஒரு மின்மினிப் பூச்சி. நல்ல வாய்க்காரப் பூச்சி. எனக்கு அதைத்தான் பிடிக்கும்.

எனக்கு வயது முப்பத்தொன்று. இதை யாருக்குச் சொல்ல?

இவர் வழக்கம்போல 2.30க்கு வந்தார். ரெஸ்டோரண்ட் குசினியில் மத்தியானத்துக்கும் பின்னேரத்துக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விடுவார்கள். சாப்பிட்டார், சோபாவில் படுத்தார். 4.45க்கு அலாரம். நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு நிலத்தில் இருந்து பார்த்தேன்.

இன்றைக்கு நாங்கள் கதைத்தது முழுவதும்: சோறு காணுமோ. காணும். கடிதம் ஏதும் வந்ததோ. இல்லை. போட்டு வாறன்.

நவம்பர் 5, புதன்

மூடுபனி. காலுறை இரண்டு சோடி போட்டும் கால் குளிர்.

அம்மாவே எடுத்துவிட்டா. பருத்தித்துறையில் நல்ல மழையாம். "சுகமோ பிள்ளை?" "ஓம் அம்மா, சுகம்." "அவர் சுகமோ?" "அவரும் சுகம்." பிறகு அந்த இடைவெளி. அம்மா கேட்க நினைப்பா, கேட்க மாட்டா. நான் உடனே டொச் சோதனையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினேன். தை மாதம் சோதனை. நல்லாய்ப் படி என்றா.

ஜூன் மாதம், வயிற்றில் பத்தொன்பதாவது கிழமையில், பிள்ளை இல்லாமல் போனது.

எழுதிவிட்டேன். இந்தக் கொப்பியில் இன்றைக்குத்தான் முதல்தரம்.

இருபத்தைந்தாம் பாகத்தில் போனி அணைந்துபோனது. கோஹருவைக் காப்பாற்றப் போய் நிழலுக்குள் புகுந்து, தன் வெளிச்சம் முழுவதையும் விட்டுவிட்டது. கடைசியில் அவள் உள்ளங்கையில் ஒரு சாதாரணப் பூச்சி, கால் மேலே. அவள் கையை மூடவும் இல்லை, விரிக்கவும் இல்லை. அப்படியே வைத்திருந்தாள்.

அழுதேன். வாயைப் பொத்திக்கொண்டு, இவர் எழும்பாதபடி. ஜூனில் ஆஸ்பத்திரியில் நான் அழவில்லை. தாதி தோளைத் தொட்டபோது நன்றி என்று சொன்னேன், சிரித்துக்கொண்டு. இன்றைக்கு ஒரு கார்ட்டூன் பூச்சிக்கு.

நவம்பர் 6, வியாழன்

தோய்க்கும் முறை. 8 மணிக்கு நிலவறையில் இறங்கினேன். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று, இவருடைய குசினி உடுப்பு தனியே. துணி காயவைக்கிற மெஷினுக்கு இங்கே டம்ளர் என்று பெயர். வந்த புதிதில் டம்ளர் பழுது என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்து, ஒரு கிளாஸ் உடைந்ததற்கா இவ்வளவு பெரிய கடிதம் என்று நினைத்தேன்.

இருபத்தாறாம் பாகம். போனி போன அடுத்த நாள். கோஹரு பள்ளிக்கூடம் போகிறாள். எல்லாரும் அவளைப் பார்த்து, நீ எவ்வளவு தைரியசாலி என்கிறார்கள். சிரிக்கிறாள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறாள், சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். பின்னேரம் நிழல் வருகிறது. சனங்கள் ஓடுகிறார்கள். கோஹரு வெள்ளிப் பூவை உயர்த்துகிறாள். வசனம் வரவில்லை. வாயைத் திறக்கிறாள், ஒன்றும் வரவில்லை. பாட்டும் இல்லை. பிறகு விளையாட்டுத் திடலில் சறுக்குமரத்தின் மேல் அந்தப் பூவை வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் வீட்டை நோக்கி நடக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி.

கீழ்வீட்டுத் திருமதி ஸுட்டர், இங்கத்தை முறையில் ஃப்ராவ் ஸுட்டர். கையில் சாம்பல் நிறப் பஞ்சு ஒரு பிடி. டம்ளரில் பஞ்சு பிடிக்கிற வடிதட்டு இருக்கிறதாம், ஒவ்வொருமுறையும் துப்புரவாக்க வேண்டுமாம். மற்றது விளங்கவில்லை, வேகம். நான் ஓம், ஓம், மன்னிக்கவும் என்று நின்றேன். அவ கீழே கூட்டிக்கொண்டு போய் எப்படிக் கழற்றுவது என்று காட்டினா. வடிதட்டு, திறப்பு, லைற், மறுபடி வடிதட்டு. நான் மேலே வர விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

இவர் எழும்பியிருந்தார். யார் என்றார். கீழ்வீடு என்றேன். என்னவாம் என்றார். பஞ்சு என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

இருபத்தேழாம் பாகம். கோஹருவின் சட்டையில் வெள்ளிப் பூ திரும்ப இருக்கிறது! யார் கொண்டுவந்து கொடுத்தது? அவள் எப்படித் திரும்பினாள்? ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆற்றுப் பாலம் வேறு உடைந்து கிடக்கிறது. அது எப்போது உடைந்தது?

ஃபோனில் தேடினேன். முழுப் பாகம் பார்க்கச் சந்தா வேண்டும். இரண்டு வரியில் கதைச்சுருக்கம் இருந்தது. அகராதியை வைத்து மொழிபெயர்த்தேன்: "கோஹரு தன்னிடமே திரும்பும் வழியைக் கண்டுபிடிக்கிறாள்." அதுதானே, எந்த வழி?

இவரிடம் சொல்லிப் பார்த்தேன். சோபாவில் கண்ணை மூடியபடி கேட்டார்.

"அது சின்னப் பிள்ளையளின்ரை படமெல்லோ."

"ஓம்."

"அடுத்த கிழமை திரும்பப் போடுவாங்கள்."

போடமாட்டார்கள். ஆனால் அவருக்குக் கண் சிவந்திருந்தது. பொரிக்கிற எண்ணெய்ப் புகை. விட்டுவிட்டேன்.

நவம்பர் 8, சனி

தமிழ்க்கடை. கறிவேப்பிலை வாடல்.

படியில் ஏறும்போது கோஹருவின் தொடக்கப் பாட்டு. சீழ்க்கையில். கீழ்வீட்டுக் கதவுக்குள்ளிருந்து. நின்று கேட்டேன். கதவு திறந்தது. ஃப்ராவ் ஸுட்டரின் மகள், பதினொரு வயதிருக்கும், லீனா, குப்பைப் பையோடு. குறூயெற்ஸி என்று வணக்கம் சொன்னாள். நானும் குறூயெற்ஸி என்றேன். அவளுடைய சட்டையில் வெள்ளிப் பூ, பிளாஸ்டிக்கில்.

கேட்டிருக்கலாம். ஒரு வசனம். வாயில் வரவில்லை. மேலே வந்து கதவைப் பூட்டிவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இவருக்கு லீவு. ஷ்லீரனில் இவருடைய கூட்டாளியின் மகளுக்கு முதலாம் பிறந்தநாள். மண்டபம், பலூன் வளைவு, மூன்று தட்டுக் கேக். நீலச் சேலை உடுத்தேன். இடுப்பில் தளர்வு.

ஒரு அக்கா, பெயர் மறந்துவிட்டேன், பக்கத்தில் வந்து குந்தி, "என்ன மைதிலி, விசேஷம் ஏதும் உண்டோ?" "இல்லை அக்கா." "சுணக்காதையும், வயசு போகுது." சிரித்தேன். அவவுக்குத் தெரியாது. இங்கே ஒருவருக்கும் தெரியாது. இவர்தான் சொல்லவேண்டாம் என்றார். சொன்னால் ஆளாளுக்குக் கதைப்பார்கள் என்று. அது சரிதான் என்று அப்போது நானும் நினைத்தேன்.

பிறந்தநாள் பிள்ளையைக் கையில் தந்தார்கள். பாரம். வாங்கி, படமும் எடுத்தோம். படத்தில் நல்லாய்த்தான் சிரிக்கிறேன்.

ரயிலில் வரும்போது இவர் என் கைப்பையைத் தன் மடியில் வைத்திருந்தார்.

நவம்பர் 10, திங்கள்

இன்றைக்கும் இவருக்கு லீவு. முழுநாளும் வீட்டில். கிறிக்கெற் பார்த்தார். என் நேரத்துக்கு ரீ.வி. கிடைக்கவில்லை. கேட்கவும் இல்லை.

கடதாசியில் எழுதிப் பார்த்தேன், டொச்சில்:
1. வணக்கம், நான் மேல்வீடு.
2. உங்கள் மகள் கோஹரு பார்க்கிறவளா?
3. எனக்கு இருபத்தாறாம் பாகத்தின் பாதி தெரியாது.
4. தயவுசெய்து முடிவு என்ன?

நாலாவதில் வினைச்சொல் எங்கே வரும் என்று தெரியவில்லை. பக்கம் 48இல் இருக்கலாம்.

நவம்பர் 12, புதன்

நேற்று எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை.

இன்றைக்கு நிறைய.

புதன் பின்னேரம் இங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இவர் வரவில்லை, மத்தியானம் பெரிய விருந்தாம். 1.30க்குக் கீழே போனேன். கதவுக்கு முன் இரண்டுமுறை நின்று திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை மணியை அமத்தினேன்.

ஃப்ராவ் ஸுட்டர் என்னைக் கண்டதும் முந்திக்கொண்டா. அன்றைக்குப் பஞ்சுடன் வந்தது சரியில்லை, வேலையால் வந்த களைப்பு, மன்னிக்கவேண்டும் என்றா. நான் கடதாசியை மறந்துவிட்டேன். "கோஹரு" என்று மட்டும் சொன்னேன். அவ விளங்காமல் பார்த்தா. உள்ளேயிருந்து லீனா ஓடிவந்தாள்.

அவளிடம் இருபத்தாறு, பாதி என்றேன். அவளுக்கு எல்லாம் விளங்கியது. "இருபத்தாறா? பாதியா? ஐயோ, அதைப் பாதியில் விடக்கூடாது" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். செருப்பைக் கழற்றக்கூட நேரம் தரவில்லை. ஃப்ராவ் ஸுட்டர் தேநீர் தந்தா, புதினா போட்டது, சீனி இல்லை. லீனாவின் கட்டிலில் இருந்து சின்னத் திரையில் பார்த்தோம். நான் விட்ட இடத்திலிருந்து. விளங்காத இடத்தில் அவள் நிறுத்தி, மெதுவாகத் திரும்பச் சொன்னாள்.

மறக்காமல் முழுவதையும் எழுதுகிறேன்.

கோஹரு வீட்டுக்கு வருகிறாள். அவளுடைய அக்கா குசினியில் முள்ளங்கி வெட்டுகிறாள். வெளியே சைரன். ஊருக்கு நீ வேண்டும் என்று அக்கா சொல்வாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். கோஹரு வாசலில் நின்று சொல்கிறாள்: "இஹ் கன் நிஹ்ட் மேர்."

லீனா நிறுத்தி என்னைப் பார்த்தாள். விளங்கியதா என்று. விளங்கியது. ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும், முதலாம் வகுப்புச் சொற்கள். நான். ஏலும். இல்லை. இனி. ஆனால் சேர்த்து இப்படிச் சொல்லலாம் என்று எனக்குத் தெரியாது. இனி ஏலாது. எனக்கு இனி ஏலாது.

அக்கா கத்தியை வைத்துவிட்டு வந்து தங்கச்சிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு இல்லை, கதை இல்லை. குளிர்ப்பெட்டியின் இரைச்சல் மட்டும். இரண்டு நிமிடம் இருக்கும். கார்ட்டூனில் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காமல் நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் வெளியே, கோஹருவைப்போலவே பூ வைத்திருக்கிற மற்றப் பெண்கள் அவள் இல்லாமல் சண்டை பிடிக்கிறார்கள். நல்லாய்ப் பிடிக்கவில்லை. பாலம் விழுகிறது. ஆனால் சனங்கள் தப்பிவிட்டார்கள். அவள் இல்லாமலும் ஊர் ஒரு பாலத்தை மட்டும் இழந்து தப்பிவிட்டது.

விடிய அவள் திடலுக்குப் போகிறாள். வெள்ளிப் பூ பனியில் நனைந்து அங்கேயே. ஒருவரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. எடுத்துக் குத்துகிறாள். அது மின்னவில்லை. உடுப்பும் மாறவில்லை. பள்ளிக்கூடச் சட்டையோடு, குட்டை மயிரோடு, அப்படியே போகிறாள். முடிவு.

லீனா சொன்னாள், வகுப்பில் எல்லாருக்கும் இந்தப் பாகம் பிடிக்காதாம், உடுப்பு மாறுவது இல்லையாம். அவள் நாலுமுறை பார்த்திருக்கிறாளாம். ஏன் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். அப்பா கோடையில் பேர்ன் பக்கம் வீடு மாறிப் போய்விட்டாராம். அதைச் சொன்னாள், பிறகு என் கால் மோதிரத்தைக் காட்டி, இது என்ன, நோகாதா என்றாள்.

ஃப்ராவ் ஸுட்டர் வாசல்வரை வந்து கை தந்தா. அவவின் பெயர் பெட்ராவாம். அப்படியே கூப்பிடச் சொன்னா.

இந்த வீட்டில் இரண்டு வருடம். இன்றைக்குத்தான் இன்னொரு கதவின் உட்புறம் பார்த்தேன்.

நவம்பர் 13, வியாழன்

பனி விலகி மழை.

இவர் 2.35. சாப்பிட்டார். படுக்கப் போனார். நான் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றேன். கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினேன்.

"என்னப்பா" என்று கூப்பிட்டேன்.

"ம்."

"எனக்கு இனி ஏலாது."

எழும்பி இருந்தார். காய்ச்சலோ, டொக்டருக்கு எடுக்கட்டோ என்றார். இல்லை என்றேன். வகுப்பு கஷ்டமோ, நிப்பாட்டுவமோ என்றார். இல்லை என்றேன்.

"ஆரும் கேட்டா சுகம் சுகம் எண்டு சொல்ல எனக்கு ஏலாது. அண்டைக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிப் படம் எடுத்தது, அதுவும் இனி ஏலாது."

படத்தில் வந்த அக்காவைப்போல இவர் வந்து பக்கத்தில் இருக்கவில்லை. எழும்பிக் குசினிக்குள் வந்தார், சோற்றுச் சட்டியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு பார்த்தேன், தண்ணீரைத் திறக்காமல் தேய்க்கிறார்.

"நீர் ஆஸ்பத்திரியிலை சிரிச்சுக்கொண்டெல்லோ இருந்தனீர்" என்றார். சட்டியைப் பார்த்துக்கொண்டுதான். "நான் வாயைத் திறந்தா நீர் உடைஞ்சு போவீர் எண்டு நினைச்சன். பிறகு நாள் போயிட்டுது. பிறகு எப்பிடித் தொடங்கிறதெண்டு தெரியேல்லை."

அழுதேன். இம்முறை வாயைப் பொத்தவில்லை. அவரும். அவர் அழுவதை நான் கண்டதில்லை, இருமல் போல இருந்தது.

கனநேரத்துக்குப் பிறகு கேட்டேன். ஜூனிலிருந்து கேட்க நினைத்தது.

"அங்கை ஒரு கடதாசியிலை கையெழுத்து வைச்சனீங்களெல்லோ. என்ன அது? பிள்ளையை என்ன செய்தவை?"

வடிவாய்த் தெரியாது என்றார். அவர்கள் கேட்டார்கள், ஓம் என்றார், காட்டின இடத்தில் வைத்தார். பதினொரு வருடமாக இங்கே இருந்தும் அவருடைய டொச் குசினி டொச். உப்பு, கெதி, அடுத்த மேசை. விசாக் கடிதங்கள் இருக்கிற கோப்புக்குள்ளிருந்து மடித்த கடதாசியை எடுத்துவந்தார். மேசையில் விரித்தோம். நான் வாசித்தேன், விரலை வைத்து, சொல் சொல்லாக. மூன்று சொல்லுக்கு அகராதி.

சின்னப் பிள்ளைகளுக்கென்று சவக்காலையில் ஒரு பொது இடம் இருக்கிறது. வருடத்தில் இரண்டுமுறை எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து அங்கே வைக்கிறார்கள். பெற்றோர் வரலாம். இலையுதிர்காலத்து நாள் போன மாதமே போய்விட்டது. நாங்கள் ஷ்லீரன் பிறந்தநாளுக்கு என்ன வாங்குவது என்று கதைத்துக்கொண்டிருந்திருப்போம்.

கடைசி வரி: எந்த நேரமும் வந்து பார்க்கலாம்.

அலாரம் அடித்தது. அமத்திவிட்டு, முதலாளிக்கு எடுத்து, இன்றைக்குப் பிந்தித்தான் வருவேன் என்றார். ஏன் என்று கேட்டிருப்பான்போல. "குடும்பம்" என்றார் டொச்சில். அந்த ஒரு சொல்தான்.

இன்றைக்குக் கோஹருவைத் தவறவிட்டேன். தவறவிட்டது ஆறு மணிக்குத்தான் நினைவு வந்தது.

நவம்பர் 15, சனி

ஒரே மழை. அம்மாவுக்கு எடுத்தேன். "சுகமோ பிள்ளை?" "இல்லையம்மா, அவ்வளவு சுகமில்லை." பிறகு அம்மா, "சொல்லு" என்றா. ஒரு மணித்தியாலம் கதைத்தோம்.

இரண்டு நாளாகக் கோஹரு பார்க்கவில்லை என்று நேற்றுப் படியில் லீனாவிடம் சொல்லியிருந்தேன். கதவடியில் ஒரு கடதாசித் துண்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வியாழனும் வெள்ளியும் என்ன நடந்தது என்று, படத்தோடு. கோஹருவின் மூக்குச் சரியில்லை. உடையாத கொழுக்கட்டை நாலு பார்த்துக் கீழே கொடுத்தேன்.

நவம்பர் 17, திங்கள்

பனி இல்லை. வெயில், ஆனால் சூடில்லை.

11.20 பஸ். இவர் கலியாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட். நான் சாதாரண ஜக்கெற். என்ன கொண்டு போவதென்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் வெறுங்கை.

சவக்காலை பெரிது, பூங்கா மாதிரி. இவருக்கு ஒருவரைக் கேட்க வெட்கம். பூவாளியோடு நின்ற ஒரு மனுசியை நான் கேட்டேன். வினைச்சொல் சரியான இடத்தில் வந்தது. அவ முகம் மாறாமல், கதைத்துக்கொண்டே எங்களோடு அரைவாசித் தூரம் நடந்து வந்து காட்டிவிட்டுப் போனா.

வட்டமாகப் புல். நடுவில் ஒரு சின்ன மரம், இலை இல்லை. சுற்றிவரக் கூழாங்கற்கள், நிறம் பூசி, சிலவற்றில் பெயர். காற்றாடிகள். நனைந்த துணி முயல் ஒன்று. இவ்வளவு பேரா என்று நினைத்தேன். எங்களைப்போல இவ்வளவு வீடுகளா.

நின்றோம். தேவாரம் ஏதும் சொல்லலாமோ என்று இவர் கேட்டார். சொல்லுங்கோ என்றேன். தொடங்கி இரண்டாம் வரியில் மறந்துவிட்டார். எனக்கும் வரவில்லை. அப்படியே விட்டோம்.

பக்கத்தில் போட்டிருந்த வாங்கில் குந்தினோம். குளிர் கல். இவர் கேட்டார்:

"பேர் ஏதும் நினைச்சு வைச்சிருந்தனீரோ?"

"ஓம்."

"எனக்குச் சொல்லேல்லை."

"வயித்திலை ஆறு மாதம் ஆனாப் பிறகு சொல்லுவம் எண்டிருந்தன்."

சொன்னேன். அவர் அதை ஒருக்கால் சொல்லிப் பார்த்தார், மெதுவாக, பிழைவிடக்கூடாது என்பதுபோல. பிறகு புல்லைப் பார்த்துக் கூப்பிடுகிற குரலில் இன்னொருக்கால்.

அந்தப் பெயரை நான் இதுவரை வேறொருவர் வாயால் கேட்டதில்லை.